முள் என்று நினைத்தோம்

மீன் முள் சிக்கிக்கொண்டது என்றே வீட்டில் எல்லாரும் எண்ணினோம். கல்முனைக் கடற்கரையிற் பிறந்தவருக்கு மீன் முள் ஒரு புதினமா? வெறுஞ்சோற்றை உருண்டையாக்கி விழுங்கும்படி உம்மா சொன்னார். மாமி ஓதிய தண்ணீர் கொண்டுவந்தார். காக்காவோ ஒன்றும் பேசாமல் இரண்டையும் விழுங்கினார். அடைப்பு மட்டும் போகவில்லை.

பிறகுதான் தெரிந்தது, அது ஒரு வருடத்து அடைப்பு என்று. இறைச்சித் துண்டு நெஞ்சின் நடுவே நின்றுவிடுமாம். சோற்றில் ஆணத்தை அதிகமாக ஊற்றிக்கொண்டு மறைத்து வந்திருக்கிறார். காரணம் நமக்குப் புரியாததல்ல. வெற்றிலை வட்டாவை விட்டகலாத நம் உம்மம்மா உணவுக்குழாய்ப் புற்றுநோயால் மௌத்தானவர். காக்காவின் கடைவாயிலும் எந்நேரமும் வெற்றிலையும் புகையிலையும் இருந்தன. நோயின் பெயரைத் தாமே தீர்மானித்துக்கொண்டு, அதைப் பிறர் வாயாற் கேட்க அஞ்சி இருந்துவிட்டார்.

அச்சம் ஆதாரமற்றதன்று. மாணவர்கள் பாடநூலிற் 'களம்' என்று படிக்கும் உணவுக்குழாய் ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் நீளமானது. அதன் உட்புறத்தைச் செதில் மேலணி என்னும் மெல்லிய இழையம் போர்த்தியிருக்கிறது. நம் நாட்டில் இங்குண்டாகும் புற்றுநோய் பெரும்பாலும் அந்தப் போர்வையிலேயே தோன்றுகிறது. ஆண்களுக்கு மட்டுமன்றிப் பெண்களுக்கும் இலங்கையில் அடிக்கடி வரும் புற்றுநோய்களுள் இது ஒன்று. புகையிலை சேர்த்த வெற்றிலை இதற்குக் காரணமாகிறது. பாக்கு தனியாகவே புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட நூல் கூறுகிறது. கலியாண வீட்டுத் தட்டத்தில் இதை யார் போய்ச் சொல்வது!

ஒரு வழியாக வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். நுனியில் விளக்குள்ள குழாயை வாய்வழியே இறக்கிப் பார்த்த வைத்தியர், உள்ளே ஒரு வீக்கம் தெரிகிறது என்றும், ஆனால் அதன்மேல் உள்ள போர்வை புண்ணின்றி வழுவழுப்பாக இருக்கிறது என்றும் சொன்னார். பரிசோதனைக்குத் துண்டு எதுவும் எடுக்கவில்லை. நமக்குக் கோபம் வந்தது. துண்டு எடுக்காமல் என்னத்தைப் பார்த்தார்கள் என்று வழியெல்லாம் முணுமுணுத்தோம். கட்டி போர்வையில் அல்ல, அதற்கு வெளியே தசைச் சுவரில் இருக்கலாம். குத்தி எடுத்தால் அவ்விடம் தழும்பேறிப் போர்வையோடு ஒட்டிக்கொள்ளும். பின்னர்க் கட்டியைப் போர்வை கிழியாமல் பிரித்தெடுப்பது கடினம். இந்த நியாயம் கொழும்பிற்றான் நமக்கு விளங்கிற்று.

அங்கே சத்திர சிகிச்சை நடந்தது. தசையைக் கீறி, பழத்திலிருந்து கொட்டையைப் பிதுக்குவதுபோல் எடுத்தார்களாம். கோழிமுட்டையளவு. ஆயினும் அது இன்னதென்று கண் சொல்லாது, நுணுக்குக்காட்டிதான் சொல்லவேண்டும். கதிர்போல் நீண்ட கலங்கள் கற்றை கற்றையாகப் பின்னிக் கிடந்தால், அது தசையில் வளரும் தீங்கற்ற லியோமயோமாவாக இருக்கலாம்; 'ஜிஸ்ட்' என்னும் வேறொரு கட்டியாகவும் இருக்கலாம். தோற்றத்தில் இரண்டும் சகோதரர் போன்றவை, குணத்தில் அல்ல. ஜிஸ்ட் புற்றாகப் பரவக்கூடியது. அதன் கலங்களிற் 'கிட்' என்னும் புரதத்தின் மரபணு பழுதடைந்திருப்பதை 1998இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். இப்போது கிட் புரதத்தையும், தசைக்குரிய டெஸ்மின் என்னும் புரதத்தையும் தனித்தனியே சாயமேற்றிப் பார்த்துப் பிரிக்கிறார்கள். இரைப்பையில் ஜிஸ்ட் மிகுதி. உணவுக்குழாயிலோ லியோமயோமாவே மிகுதி. அதுவும் மழமழப்பான தசை உள்ள கீழ்ப்பகுதிகளிலேதான்.

அறிக்கை வரும்வரை உம்மா தொழுகைப் பாயை மடிக்கவேயில்லை. ஊரிற் சிலர் காக்காவைப் பற்றி இறந்தகாலத்திற் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

டெஸ்மின் உண்டு, கிட் இல்லை. லியோமயோமா.

சில வாரங்களின்பின் அவர் வீட்டில் முதன்முறையாக மீன் ஆணத்தோடு சோறு உண்டார். உம்மா அருகிலிருந்து ஒவ்வொரு முள்ளாக ஆய்ந்து வைத்தார். கை கழுவியதும், "வட்டா எங்கே?" என்று கேட்டார் காக்கா. அதை எங்கே ஒளித்தோம் என்பதை நாம் ஒருவரும் சொல்லவில்லை.