பல் டாக்டர் கொடுத்த காகிதக் கவர்

மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கினார்கள். டாக்டரே டிராயரைத் திறந்து இரண்டு வகை மாத்திரையைக் காகிதக் கவரில் போட்டு, 'காலை 1, இரவு 1' என்று கிறுக்கிக் கொடுத்தார். அன்று ராத்திரி அம்மா உடம்பெல்லாம் தடிப்பு. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" கவரை நீட்டினேன். வெட்டிய அட்டைத் துண்டில் பாதி பெயர்கூட இல்லை. பி.டி.எஸ். முதல் வருஷம் படிக்கிற பையன் நான், பேந்தப் பேந்த விழித்தேன்.

நல்லவேளை, ஊசி போட்டதும் சரியானது. ஆனால் அம்மா கேட்டது மட்டும் மனசில் நின்றுவிட்டது: "மெடிக்கல் ஷாப் லைசென்ஸ் இல்லாம அவரு மாத்திரை கொடுக்கலாமாடா?"

கொடுக்கலாமாம். 1945ஆம் வருஷ மருந்து விதிகளில் 'கே' அட்டவணை என்று ஒன்று உண்டு. பதிவு பெற்ற மருத்துவர் தன் நோயாளிக்கு மருந்து கொடுக்க விற்பனை லைசென்ஸ் தேவையில்லை என்கிறது. பல் டாக்டர் அந்தக் கணக்கில் வருவாரா? (எங்கள் வகுப்பில் இதற்கு ஒரு சண்டையே நடந்தது!) வருவார். 1948 பல் மருத்துவர்கள் சட்டப்படி பதிவு செய்தவர்களையும் அந்த விதிகள் சேர்த்தே சொல்கின்றன. ஆனால் கடை விரிக்கக் கூடாது.

சென்னையில் ஒரு தோல் டாக்டரிடம் கொஞ்சம் களிம்பும் லோஷனும் இருந்ததற்கே லைசென்ஸ் இல்லாமல் விற்றதாக வழக்குப் போட்டார்கள். சுப்ரீம் கோர்ட் வரை போய் 2023இல்தான் ரத்தானது.

சலுகை சும்மா இல்லை. லைசென்ஸ் உள்ளவரிடம்தான் மருந்து வாங்க வேண்டும், பேட்ச் நம்பரோடு கணக்கு வைக்க வேண்டும். சீட்டு இல்லாமல் கடையில் விற்கக் கூடாத 'எச்' அட்டவணை மருந்து என்றால் கூடுதல் கெடுபிடி. லேபிளில் டாக்டர் பெயர், முகவரி, சாப்பிட வேண்டிய அளவு, ஒரு வரிசை எண் இருக்க வேண்டும். அதே எண்ணில் மருந்தின் பெயர், நோயாளி பெயர், தேதி எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். பதிவேட்டை இரண்டு வருஷம் பத்திரமாக வைக்க வேண்டும்.

இதில்தான் எனக்கு ஒரு நெருடல். மருந்தின் பெயரைப் பதிவேட்டில் எழுதச் சொல்லும் அந்த நிபந்தனை, லேபிளில் எழுதச் சொல்லவில்லை. ராத்திரி 11 மணிக்குப் பதிவேடு பூட்டிய கிளினிக்குக்குள் அல்லவா இருக்கும்?

போன வாரம் ஒரு சீனியரின் கிளினிக்கில் உதவிக்கு நின்றேன். அங்கேயும் அதே டிராயர், அதே காகிதக் கவர். "ரிஜிஸ்டர் எங்கே சார்?" என்றேன். "எதுக்குடா?" என்றார். நான் கவர் மேல் மாத்திரையின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.