சத்தம் குறைய இரண்டாவது வூபர்

புது வீட்டின் திறப்பு கைக்கு வந்து, கட்டில், மெத்தை, குளிர்சாதனப்பெட்டி என்று அடிப்படைச் சாமான்கள் சேர்ந்தபிறகு, நம்மவர்களின் கண் அடுத்ததாகப் போவது வரவேற்பறைப் பக்கம்தான். பெரிய ரி.வி. ஒன்று சுவரில் ஏறும். அதைச் சுற்றி ஐந்து சின்ன ஸ்பீக்கர்களும், 'வூபர்' என்று நாங்கள் சொல்லுகிற ஒரு கனத்த பெட்டியும் வந்து குந்தும். இந்த ஆசையைக் குறைசொல்ல மாட்டோம். பொருளாதாரத் தடைக் காலத்தில், மின்சாரமில்லாத ஊரில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். வாரம் முழுக்க பக்ரறியில் முறிந்துவிட்டு வருகிறவனுக்கு வெள்ளிக்கிழமை இரவு ஒரு படம் வடிவாகக் கேட்கவேண்டும் என்றிருக்காதா? ஆனால் இங்கே ஜேர்மனியில் பெரும்பாலும் மாடிவீடுகளில்தான் இருக்கிறோம். அதனால் வூபரைப்பற்றி நாங்கள் அறிந்துகொண்டதைப் புதிதாக வீடெடுக்கும் உறவுகளுக்கு எழுதுகிறோம்.

பெட்டிகளில் 5.1 என்று எழுதியிருக்கும். ஐந்து என்பது பேச்சுக்கும் இசைக்குமான ஸ்பீக்கர்கள். அந்தப் புள்ளி ஒன்று வூபருக்கு உரியது. மனிதக் காது ஏறத்தாழ 20 ஹேர்ட்ஸிலிருந்து 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும் என்பார்கள். வூபரின் வேலை அதன் அடித்தட்டில், 80 அல்லது 120 ஹேர்ட்ஸ் வரையில் முடிந்துவிடும். தவிலின் தொப்பிப் பக்கம், இடி, லொறி எஞ்சின், படத்தில் வெடிக்கிற குண்டு எல்லாம் அதற்குள் அடக்கம்.

குண்டு என்ற இடத்தில்தான் எங்கள் வீட்டில் சிக்கல் வந்தது. பிள்ளைகளின் அம்மம்மா எங்களோடு இருக்கிறார். 2009இல் வன்னியில் பதுங்குகுழிக்குள் கிடந்து வந்தவர். ஷெல் 'குத்துற' சத்தம் கேட்டு, அது வந்து விழும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அவருக்குள் இன்னும் இருக்கிறது. படம் ஓடும்போது அந்தப் பெட்டி ஒருமுறை உறுமினால் போதும், கையை நெஞ்சில் வைத்துக்கொள்வார். பிறகு மெதுவாக எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். "காதால கேட்டாப் பறவாயில்லைப் பிள்ளை, இது நெஞ்சால எல்லோ கேக்குது" என்று ஒருநாள் சொன்னார்.

வேடிக்கை என்னவென்றால், அதே நேரம் அறையின் நடுவே கதிரை போட்டிருக்கிற எங்களுக்கு வூபர் வேலைசெய்கிறதா என்றே சந்தேகமாக இருக்கும். "கொஞ்சம் கூட்டுங்கோ" என்று மூத்தவன் கேட்பான். ஒரே அறை, ஒரே பெட்டி. சுவரோரத்துச் சோபாவில் தாங்கமுடியாத சத்தம்; நடுவில் ஒன்றுமில்லை. பெட்டியை விற்ற கடைக்காரரோ மூலையில் வைத்தால் சத்தம் நன்றாக எடுக்கும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அவர் சொன்னது பொய்யுமில்லை. மூலையில் வைத்தால் எல்லாமே எடுக்கும், எடுக்கக்கூடாததும் சேர்த்து.

இதற்கு விளக்கம் எங்கள் பக்ரறியில் இருந்தது. கொம்பிரசர் ஓடும் அறைக்குள் போனால், சுவரோடு ஒட்டி நிற்கும்போது உறுமல் மண்டைக்குள் இறங்கும். இரண்டு மூன்று எட்டு நடுவுக்கு வந்தால் குறைந்துவிடும். மின்பகுதியில் வேலைசெய்கிற துருக்கி நண்பர் ஒருவர்தான் சுவர்கள் சத்தத்தைத் திருப்பி அடிப்பதால் வருவது இது என்று சொல்லித்தந்தார். படிப்பைப் பாதியில் விட்ட எங்களுக்கு அது விளங்கியது, பிள்ளையைக் குளிக்கவார்க்கிற தொட்டியை நினைத்துப் பார்த்தபிறகுதான். தொட்டியின் ஒரு பக்கத்தைத் தள்ளி ஆட்டினால் தண்ணீர் இந்தக் கரையில் ஏறும், பிறகு அந்தக் கரையில் ஏறும். நடுவில் மட்டம் அசையாது. அறைக்குள் காற்றும் அப்படித்தான் ததும்புகிறது. கரையில் இருந்தவர் அம்மம்மா. நடுவில் இருந்தவர்கள் நாங்கள்.

எங்கள் வரவேற்பறை 5 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், இரண்டரை மீற்றர் உயரம். சத்தம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 343 மீற்றர் ஓடும். அதை அறை நீளத்தின் இரட்டிப்பால் பிரித்தால் 34 ஹேர்ட்ஸ் வரும். அகலத்துக்கு 43, உயரத்துக்கு 69. இந்த எண்களில் வருகிற சத்தங்கள்தான் அறைக்குள் ததும்பிக்கொண்டு நிற்கும். எங்கள் அறையில் இன்னொரு பிரச்சினையும் இருந்தது. நீளம் உயரத்தின் சரி இரட்டிப்பு; ஆகவே நீளத்தின் இரண்டாவது ததும்பலும் அதே 69இல்தான் விழுகிறது. உங்கள் வீட்டில் ஒரு அளவுநாடா இருந்தால் இந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பார்க்கலாம்.

இப்போது அந்தத் தொட்டியை இரண்டு பக்கமும் இரண்டுபேர் பிடித்து ஒரே நேரத்தில் ஒரே அளவாக உள்ளே தள்ளினால் என்னவாகும்? ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போகும் அந்தத் ததும்பல் எழும்பாது. ஒருவர் கிளப்புவதை மற்றவர் அடக்கிவிடுவார். இரண்டாவது வூபரின் வேலை இதுதான். சத்தத்தைப் பெருக்க அல்ல, பரப்ப. அமெரிக்காவில் ஹார்மன் நிறுவனத்தின் ஆய்வாளர் ரொட் வெல்ற்றி 2002இல் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நீள்சதுர அறையில் எதிரெதிர்ச் சுவர்களின் நடுவே ஒவ்வொன்றாக இரண்டு வைத்தால் நல்ல பலன். நான்கு சுவர்களின் நடுவிலும் நான்கு வைத்தால் இன்னும் நல்லது. நான்குக்கு மேலே போனால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்பது அதன் சாரம். நான்கு பெட்டி வைக்க எங்கள் வீட்டில் இடமுமில்லை, மனைவியின் சம்மதமுமில்லை.

முதலாவது பெட்டியின் அதே மாதிரியிலேயே இன்னொன்று தேடினோம். வேறு வேறு மாதிரியென்றால் இரண்டையும் ஒத்துப்போகச் செய்வது கரைச்சல். மூன்று மாதம் கிளைன்அன்சைகனில் பார்த்து, பக்கத்து ஊரில் வீடு மாறிப்போகும் ஒரு மாணவனிடம் 60 யூரோவுக்கு எடுத்தோம். றிசீவரில் வூபருக்கு ஒரேயொரு துவாரம் இருந்தால் பயப்படவேண்டாம். இரண்டாகப் பிரிகிற சின்னக் கேபிள் சில யூரோவுக்குக் கிடைக்கும். ஒன்றை ரி.வி.க்குக் கீழே சுவரின் நடுவில் வைத்தோம். மற்றதைப் பின்சுவரின் நடுவில், சோபாவை ஒரு சாண் முன்னுக்கு இழுத்துவிட்டு அதன் பின்னால் வைத்தோம். பத்து மீற்றர் வயர் சுவரோரப் பலகையை ஒட்டிப் போகிறது. பின்னாலிருந்து சத்தம் வருவதாகத் தெரியாதா என்று கேட்பீர்கள். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது இலகுவில் பிடிக்காது.

எல்லோர் வீட்டிலும் சுவரின் நடு சும்மா கிடக்காது. பல்கனிக் கதவு இருக்கும், ஹைற்சுங் இருக்கும் (அதோடு ஒட்டிப் பெட்டியை வைக்கவே வேண்டாம்), சாமிப்படத் தட்டு இருக்கும். அப்படியானால் இன்னொரு வழியுண்டு. வூபரைத் தூக்கி நீங்கள் இருக்கும் கதிரையில் வைத்து, தாளம் கனமான ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எந்த இடத்தில் உறுமல் இல்லாமல் தாளம் தெளிவாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வையுங்கள். சிரிப்புத்தான். எங்கள் சின்னவளுக்கு அன்றைக்குப் பொழுது நன்றாகப் போனது.

இரண்டையும் வைத்தபிறகு ஒவ்வொன்றின் பின்னாலும் இருக்கும் திருகாணியைக் குறைத்தோம். இரண்டு பெட்டியும் சேர்ந்து, முன்பு ஒன்று போட்ட சத்தத்துக்கும் குறைவாகவே போடுகின்றன. கதிரையில் இருப்பவருக்கும் கேட்கிறபடியால் "கூட்டுங்கோ" என்று கேட்க ஆளில்லை. அந்த 69 ஹேர்ட்ஸ் மட்டும் இந்த ஏற்பாட்டுக்கு மசியவில்லை. அதை றிசீவரோடு வந்த மைக்கை வைத்து அளந்து, றிசீவரே தணித்துவிட்டது. அந்த அளவெடுப்பை எல்லாம் வைத்து முடித்தபிறகுதான் செய்யவேண்டும்.

கீழ்வீட்டு அம்மாவைப்பற்றியும் எழுதவேண்டும். தனியே இருக்கிற வயதான ஜேர்மன் பெண். படத்தின் பேச்சு ஒன்றும் அவருக்குக் கேட்பதில்லை. 'பும், பும்' மட்டும்தான் தலைக்கு மேலே கேட்குமாம். பேச்சைச் சுவர் மறித்துவிடும், அடித்தட்டுச் சத்தத்தை மறிக்க மாட்டாது. பெட்டிக்குக் கீழே றப்பர் விரிப்புப் போட்டால் நிலத்தின் அதிர்வு குறையும். காற்று வழியாகப் போவது போய்க்கொண்டுதான் இருக்கும். ஆகவே மனைவி கொஞ்சம் பலகாரத்தோடு கீழே போய் அவர் வீட்டில் இருந்துகொண்டார். மேலேயிருந்து நாங்கள் போன் எடுத்து, திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். "யெற்ஸ்ற் இஸ்ற் கூற்" என்று அவர் சொன்ன இடத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தோம். இரண்டு பெட்டியிலும் அந்தச் சிவப்புப் புள்ளி இருக்கிறது. பிள்ளைகள்கூட அதைத் தாண்டுவதில்லை.

இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை அமைதி நேரம், ஞாயிறும் பொது விடுமுறையும் முழுநாளும் அப்படியே என்பது இங்கே பொதுவான ஒழுங்கு. பல வீடுகளில் மத்தியான அமைதியும் வீட்டு ஒழுங்குத் தாளில் எழுதியிருக்கும். குடிபுகும்போதே அதை வாசித்துக்கொள்ளுங்கள். பின்னேர வேலை முடிந்து பதினொரு மணிக்கு வந்து படம் பார்க்கிறவர்கள் றிசீவரில் இரவுக்கென்று இருக்கும் அமைப்பைப் போடுங்கள். அது பெரிய சத்தத்தை அமுக்கி, பேச்சை மேலே எடுத்துத் தரும்.

அம்மம்மா இப்போது தன் பழைய மூலையிலேயே இருந்து பாட்டுப் போட்டிகளும் நாடகமும் பார்க்கிறார். தவில் வாசிக்கும் இடம் வந்தால் விரலால் தாளம்கூடப் போடுகிறார். யுத்தப் படம் என்றால் அது வேறு கதை; எத்தனை பெட்டியை எங்கே வைத்தாலும் அவருக்கு ஆகாது. பெட்டிகளின் பின்னால் ஓர் ஆளி இருக்கிறது. அவர் அறைக்குள் வருகிற காலடி கேட்டதும் சின்னவள் ஓடிப்போய் இரண்டையும் அணைத்துவிடுவாள்.