நாலாவது மெட்டு

தஞ்சாவூர் தெற்கு வீதியிலிருந்து பிரியும் அந்தச் சந்துக்குள் ஆட்டோ நுழையாது. முனையிலேயே இறங்கி, பழைய போர்வையில் சுற்றிய வீணையின் குடப் பக்கத்தை டீச்சரும் யாளிப் பக்கத்தை ஆட்டோக்காரரும் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பட்டறை வாசலில் பலா மரத்துண்டுகள் அடுக்கியிருந்தன. புதிதாக அறுத்தவை மஞ்சளாகவும், வெயிலும் காற்றும் பட்டுப் பழகியவை பழுப்பாகவும் தெரிந்தன.

டீச்சருக்கு வயது அறுபத்தெட்டு. திருவையாறு பக்கத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். அன்று அவர் வந்தது இரண்டு காரியங்களுக்காக. பெங்களூரில் இருக்கும் பேத்திக்குப் புதிதாக ஒரு வீணை செய்யச் சொல்ல வேண்டும். போர்வைக்குள் இருக்கும் பழைய வீணைக்கு ஒரு விலை தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவதை மகளிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை. சென்னையிலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி ஒருவர், ஏதோ ஹோட்டல் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க அதைக் கேட்டிருந்தார். சம்பா நெல் போட்ட காசு புது வீணையின் முன்பணத்துக்குச் சரியாக இருக்கும். மீதிக்கு எங்கே போவது என்று டீச்சர் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார்.

ஆசாரி போர்வையை விலக்கினார். விரல் முட்டியால் குடத்தைத் தட்டினார். தண்டியின் அடியில் கையை ஓட்டி, குடம் சேரும் இடத்தில் நகத்தால் தடவிப் பார்த்தார்.

"ஒட்டு இல்லை. ஏகாந்தம். யார் வீணைங்க டீச்சரம்மா?"

"எங்கம்மாவுது. 1955ல கல்யாணத்துக்குத் தாத்தா செய்யச் சொல்லி வாங்கிக் குடுத்தது."

ஏகாந்த வீணை என்றால் குடம், தண்டி, யாளி முகம் எல்லாம் ஒரே மரத்தில் குடைந்தது. ஒட்டு வீணையில் அந்தப் பாகங்களைத் தனித்தனியே செய்து இணைப்பார்கள். ஒட்டு மட்டம் என்று சொல்லிவிட முடியாது. நல்ல கை செய்த ஒட்டு வீணையில் பெரிய வித்வான்கள் வாசித்திருக்கிறார்கள். ஆனாலும் ஏகாந்தத்துக்குத் தேவைப்படும் பருமனும் நீளமும் உள்ள, உள்ளே வெடிப்போ பொந்தோ இல்லாத ஒற்றைப் பலா கிடைப்பது அபூர்வம். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவைத்தான் தஞ்சாவூர்ப் பட்டறைகள் தேடிப் போகும். காய்த்து ஓய்ந்த முதிய மரமாக இருக்க வேண்டும். இளமரம் காயும்போது முறுக்கிக்கொள்ளும்.

ஆசாரி சாரணித் தந்தியை மீட்டி, மெட்டு மெட்டாக விரலை நகர்த்தினார். மூன்றாவது இடத்திலேயே முகம் சுளித்தது.

"மேளம் சுத்தமா போயிடுச்சே. எத்தனை வருஷமா வாசிக்கலை?"

"பதினோரு வருஷம்."

அம்மா போன பிறகு என்று டீச்சர் சொல்லவில்லை.

வீணை தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். நாகஸ்வரத்தோடு வரும் மேளம் வேறு, இந்த மேளம் வேறு. தண்டியின் இரண்டு ஓரத்திலும், வயல் வரப்பு மாதிரி, கறுப்பாக மெழுகு உயர்ந்து நிற்கும். தேன்மெழுகும் கரித்தூளும் சேர்த்துக் காய்ச்சியது. அந்த இரண்டு வரப்புக்கும் குறுக்கே 24 உலோக மெட்டுகள் பதிந்திருக்கும். ஒரு ஸ்தாயிக்கு 12 வீதம் இரண்டு ஸ்தாயி. ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டு, அதற்குரிய ஸ்வரம் பேசும் இடத்தில் நிறுத்துவதுதான் மேளம் கட்டுவது. தஞ்சாவூர் வெயிலில் மெழுகு இளகும், மெட்டு நகரும், தந்தி உரசி உரசி மெட்டில் பள்ளம் விழும். ஆகவே சில வருஷங்களுக்கு ஒருமுறை மெழுகைக் கழற்றி மறுபடி கட்டியாக வேண்டும். இப்படி 24 மெட்டும் நிலையாக அமைத்த வீணையை, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அதற்கு முன் ராகத்துக்கு ஏற்ப மெட்டை நகர்த்தி வைத்து வாசித்த வீணைகளும் இருந்தன. இன்று நாம் சரஸ்வதி வீணை என்றும் தஞ்சாவூர் வீணை என்றும் சொல்வது அந்த 24 மெட்டு வீணையைத்தான். தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

"விலை கேட்டு ஒருத்தர் வந்தார்" என்று டீச்சர் மெல்ல ஆரம்பித்தார்.

ஆசாரி அதைக் காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை. "புதுசு யாருக்கு?" என்றார்.

"பேத்திக்கு. பதினோரு வயசு."

"கை எப்படி? நீள விரலா, குட்டை விரலா?"

வீணை செய்யச் சொல்லி வந்தால் முதல் கேள்வி மரத்தைப் பற்றியோ வேலைப்பாட்டைப் பற்றியோ இருக்கும் என்று டீச்சர் நினைத்திருந்தார். ஆசாரி ஒரு வேலை சொன்னார். குழந்தையின் இடது கையை நோட்டுத் தாளில் விரித்து வைத்து, பென்சிலால் கோடு இழுத்து அனுப்பச் சொல்லுங்கள். உட்கார்ந்த நிலையில் முழங்காலிலிருந்து தோள் வரை அளவு வேண்டும். பாட்டும் கற்கிறாள் என்றால் எந்தக் கட்டை சுருதி என்றும் தெரிய வேண்டும். பிருடை மரத்திலா, கிதாருக்கு வைக்கும் சாவியிலா என்றும் கேட்டார். இப்போது பலர் கிதார்ச் சாவிதான் கேட்கிறார்கள். சுருதி நழுவாது, சின்னக் கைக்குச் சுலபம். அழகு போய்விடுகிறது என்பது வேறு விஷயம்.

அந்த வாரமே பெங்களூரிலிருந்து ஒரு உறை வந்தது. உள்ளே கணக்கு நோட்டுத் தாளில் ஐந்து விரல்கள். சுண்டுவிரலில் நகப்பூச்சுக்கும் கோடு போட்டிருந்தாள்.

மாப்பிள்ளைக்குத்தான் ஆச்சரியம். அவர் கிதார் வாசிப்பவர். "அத்தை, அமெரிக்காவுல இதே மாதிரி ஒருத்தர் இருந்தார், தெரியுமா?" என்று தொலைபேசியில் அரைமணி நேரம் பேசினார். ஜான் டி ஆஞ்சலிகோ. நியூயார்க்கில் 1932-ல் பட்டறை போட்டு, 1964-ல் இறக்கும்வரை ஆயிரத்துக்குச் சற்று அதிகமான கிதார்களைச் செய்தார். ஜாஸ் கலைஞர்கள் வாசிக்கும், மேல்பலகை வயலின் போலக் குவிந்திருக்கும் ஆர்ச்டாப் கிதார். பலகையை வளைத்து ஒட்டாமல், கனத்த மரத்தைச் செதுக்கிக் குவியலாக்குவது. வாசிக்கப்போகிறவர் பட்டறைக்கே போய், தன் கைக்கும் தன் காதுக்கும் என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பார்.

"ஆனா அத்தை, அதுல மெட்டு மரத்துக்குள்ள அறைஞ்சது. செஞ்சவர் எங்க வெச்சாரோ அங்கதான். வாங்கினவங்க நகர்த்த முடியாது."

டீச்சருக்கு அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் மனதில் தங்கியது.

பழைய வீணைக்குக் கடைசியாக மேளம் கட்டியது பதினாலு வருஷத்துக்கு முன். இதே பட்டறை, இந்த ஆசாரியின் அப்பா. அம்மா சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு மெட்டுக்கும் "மேலே", "கீழே", "ம்" என்று மூன்றே சொல்லில் முடித்தார். நாலாவது மெட்டில் மட்டும் நெடுநேரம் பிடித்தது. பெரியவர் வைத்த இடம் அம்மாவுக்கு ஒத்துவரவில்லை. "இன்னும் ஒரு மயிரிழை கீழே" என்றார். நாலாவது மெட்டு அந்தர காந்தாரம். சங்கராபரணத்துக்கும் கல்யாணிக்கும் அதுதான் உயிர். அம்மாவின் காந்தாரம் எப்போதும் கொஞ்சம் தாழ்ந்துதான் இருக்கும். இளவயதில் டீச்சர் அதற்காகச் சண்டையே போட்டிருக்கிறார். பள்ளி ஹார்மோனியத்தோடு சேராது.

இப்போது அந்த மெழுகைச் சுரண்டிவிட்டால் அம்மாவின் காது போய்விடும். வீணை பதினோரு வருஷம் மூலையில் நின்றதற்குக் காரணம் அதுதான். வியாபாரியிடம் கொடுத்துவிடலாம் என்று தோன்றியதற்கும் அதுவே காரணமாக இருந்திருக்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் போனால் யாரும் மேளத்தைத் தொடமாட்டார்கள்.

இன்னொன்றும் இருந்தது. இரண்டு வருஷமாக டீச்சர் காதில் மெஷின். பேச்சு கேட்கிறது, பாட்டு மட்டும் தகரக் கொட்டகையில் பெய்யும் மழை மாதிரி கேட்கிறது. மேளம் கட்டும்போது சொந்தக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். தப்பாகச் சொல்லிவிட்டால்?

சித்திரையில் புது வீணையின் குடம் குடைந்து முடிந்தது. கொட்டாப்புளிச் சத்தம் நின்று அரம் போடும் சத்தம் ஆரம்பித்தது. வைகாசியில், பெங்களூர்ப் பள்ளி திறக்கும் முன், பேத்தி வந்தாள். அதற்குள் டீச்சர் வியாபாரிக்கு இல்லை என்று சொல்லியிருந்தார். மீதிப் பணத்தை மூன்று தவணையாக வாங்கிக்கொள்ள ஆசாரி ஒப்புக்கொண்டதுதான் அதற்கு உடனடிக் காரணம். எல்லாவற்றுக்கும் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

மேளம் கட்ட ஆசாரி விடிகாலையைத்தான் குறித்துக் கொடுத்தார். வெயில் ஏறினால் மெழுகு சொன்னபடி கேட்காது. முதலில் பழைய வீணை. உளியால் பழைய மெழுகைப் பெயர்த்தபோது டீச்சர் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். திரும்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, அந்த மெழுகைத் தூக்கிப் போட்டுடுவீங்களா?"

"ஏங்க போடறேன்? அதையே காய்ச்சி, கொஞ்சம் புதுசு கலந்து போட்டா போச்சு. நல்லாப் பதமான மெழுகுங்க."

வரப்பு மறுபடி எழுந்தது. ஆசாரி தம்பூராவை மீட்டும் வேலையைப் பேத்தியிடம் கொடுத்தார். ஒவ்வொரு மெட்டாக வைத்து, அழுத்தி, மீட்டி, டீச்சர் முகத்தைப் பார்த்தார். முதல் மூன்றுக்கும் டீச்சர் தயங்கித் தயங்கித் தலையாட்டினார். பிறகு காதிலிருந்து மெஷினைக் கழற்றிக் கைப்பையில் போட்டார். குனிந்து கன்னத்தைத் தண்டியின் மேல் வைத்துக்கொண்டார். எலும்பு வழியாகக் கேட்டது, மெஷினைவிடச் சுத்தமாக.

நாலாவது மெட்டு.

"கீழே" என்றார் டீச்சர். ஆசாரி நகர்த்தினார். "இன்னும்." மறுபடி நகர்த்தினார். "ம்."

பேத்தி ஒரு கையால் தம்பூராவை மீட்டியபடியே மறு கையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுருதி காட்டும் செயலி. "பாட்டி, குறைச்சலா இருக்கு. பச்சை லைட் வரலை."

டீச்சரின் முகம் மாறிவிட்டது. மெஷினை மாட்டிக்கொண்டு பேத்தி சொன்னதை மறுபடி சொல்லச் சொன்னார். "நான்தான் தப்பாச் சொல்லிட்டேன் போல. தம்பி, போன் சொல்ற மாதிரியே வெச்சுடுங்க."

ஆசாரி மெட்டைத் தொடவில்லை. "பாப்பா, போனைக் கீழ வை. தம்பூராவை மட்டும் மீட்டு. கடைசித் தந்தி, மந்தரம் இருக்கே, அதை மீட்டிட்டுப் பேசாம இரு."

மந்தர ஸட்ஜம் ஒலித்துப் படர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அதற்குள்ளிருந்து, யாரும் மீட்டாத ஒரு ஸ்வரம் மெல்லியதாக மேலே வந்தது. காந்தாரம். தம்பூராவில் தானாகவே பிறக்கும் அதைச் சுயம்பு காந்தாரம் என்பார்கள். ஆசாரி நாலாவது மெட்டில் சாரணியை மீட்டினார். இரண்டும் ஒன்றில் ஒன்று போய் ஒட்டிக்கொண்டன.

போன் பொய் சொல்லவில்லை. அந்தச் செயலி, பியானோவுக்கும் கிதாருக்கும் பொதுவாக ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காக வெட்டும் கணக்கைப் பின்பற்றுவது. அந்தக் கணக்கில் காந்தாரம், தம்பூரா தானாகத் தரும் காந்தாரத்தைவிடக் கொஞ்சம் ஏறித்தான் நிற்கும். பள்ளி ஹார்மோனியமும் அந்த ஜாதிதான்.

முப்பது வருஷம் பின்னம் சொல்லிக்கொடுத்த டீச்சர் வெறும் வீணையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "அப்ப அம்மா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"பெரியம்மா சரியாத்தான் வெச்சாங்க. எங்கப்பா அதைச் சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்றார் ஆசாரி, ஐந்தாவது மெட்டைத் துடைத்துக்கொண்டே.

24 மெட்டும் முடிய உச்சிப்பொழுது ஆகிவிட்டது. புது வீணைக்கு மறுநாள் காலை. தன் வீணைக்குப் போன் வேண்டுமா, தம்பூரா வேண்டுமா என்று ஆசாரி கேட்டதற்குப் பேத்தி, ராத்திரி யோசித்துச் சொல்கிறேன் என்றாள். பழைய வீணையை இன்று தொடக்கூடாது, மெழுகு இறுகட்டும் என்று சொல்லி ஆசாரி அதைச் சுவரோரம் படுக்க வைத்து ஈரத்துணியால் கையைத் துடைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது பேத்தியின் உள்ளங்கையில் கறுப்பாக ஒரு உருண்டை. மீந்த மெழுகு. "வீட்டுக்குக் கொண்டு போகலாமா?" என்று கேட்டாள்.

"கவுன் பையில போடாதே, வெயில்ல உருகிடும்" என்றார் டீச்சர். கைப்பையைத் திறந்து, காது மெஷின் டப்பாவிலிருந்த பஞ்சை எடுத்து உருண்டையைச் சுற்றி உள்ளே வைத்துக்கொண்டார்.