மெதுவாய் நடப்பவர் முன்னே

தியானப் பகுதி: ஆதியாகமம் 33:12-14; யாத்திராகமம் 23:12; மாற்கு 6:30-34



 சென்ற வாரம் நம் சேகரத்துக் குடும்பங்கள் சில, குற்றாலத்துக்கு அப்பால் மலையடிவாரத்திலுள்ள ஒரு தோட்ட விடுதியில் ஓர் இரவு தங்கி வந்ததை அறிவீர்கள். போய் வந்தவர்கள் அதன் இன்பங்களை உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அங்கே நான் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தையும், புறப்படுவதற்கு முன்பே நான் செய்த ஒரு தவற்றையும் இந்த வாரம் உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

சங்கரன்கோவிலில் இருக்கிற நமக்குச் சாரல் என்பது தூரத்துச் செய்தி. ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று குற்றாலத்தை நனைத்துவிட்டு, நம் கரிசல் பூமிக்கு வந்து சேரும்போது வெறும் காற்றாகிவிடுகிறது. ஆகவே ஒன்றரை மணி நேரப் பயணத்தின் முடிவில் பேருந்தின் ஜன்னலில் முதல் தூறல் விழுந்தபோது, பிள்ளைகளோடு சேர்ந்து பெரியவர்களும் கைநீட்டி அதைத் தொட்டார்கள். ஆண்டவர் நமக்கு ஏற்படுத்தின ஓய்வின் வாசலில் நிற்கிறோம் என்றே நானும் எண்ணினேன்.

அன்று மாலை ஜெபத்தில் மாற்கு 6-ஆம் அதிகாரத்திலிருந்து பேசினேன். ஊழியத்திலிருந்து திரும்பிய சீஷர்களுக்குச் சாப்பிடவும் சமயமில்லாதபடி ஜனங்கள் வருவதும் போவதுமாய் இருந்தார்கள். ஆண்டவர் அவர்களைத் தனிமையான ஓர் இடத்துக்கு அழைத்து, கொஞ்ச நேரம் இளைப்பாறச் சொன்னார். ஓய்வு சோம்பல் என்று நினைத்துக் குற்ற உணர்வோடு உழைக்கிறவர்கள் நம் சபையில் உண்டு. அவர்களுக்காகவே அந்தப் பகுதியைத் தெரிந்துகொண்டேன். சூரைச்செடியின் கீழே சாக விரும்பிய எலியாவுக்குத் தேவதூதன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து உறங்க வைத்தான் என்றும் சொன்னேன். சொன்னது உண்மைதான். ஆயினும் அந்த உண்மையின் பாதியை மாத்திரமே சொன்னேன் என்பதை மறுநாள் உணர்ந்தேன்.

அந்த விடுதியில் ஒரு சானா அறை இருந்தது. நம்மில் பலர் அப்படியொன்றை முன்பு கண்டதில்லை. சளி பிடித்தால் நொச்சி இலையைக் கொதிக்க வைத்துப் போர்வைக்குள் வேது பிடிக்கிறோமே, அதன் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகை வேய்ந்த சிறிய அறையில் கற்களை அடுக்கி, அடுப்பின் அனலால் அவற்றைக் காய்ச்சுகிறார்கள். கல்லின்மேல் தண்ணீர் தெளித்தவுடன் ஆவி எழும்பி உடலைச் சூழ்ந்துகொள்கிறது. இது பின்லாந்து நாட்டின் வழக்கம். ஏறத்தாழ 55 லட்சம் ஜனங்கள் வாழும் அந்த நாட்டில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட சானாக்கள் உண்டு. அங்குள்ள பாராளுமன்றக் கட்டடத்திலும் ஒன்று இருக்கிறது. 2020-ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டுச் சொத்துகளின் பட்டியலில் சேர்த்தது. அந்த அறைக்குள் உடையோடு பதவியையும் கழற்றி வைத்துவிட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

இருதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களை வெளியே இருத்திவிட்டு, நாங்கள் சிலர் உள்ளே சென்றோம். பத்து நிமிடத்தில் பல மாதங்களின் அலைச்சல் வியர்வையாய் வழிந்தது. வெளியே வந்து சாரலில் நின்றபோது தேகம் இலேசாயிற்று. அறையின் பின்புறம் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த ஒரு மனிதர் எனக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தார். நம் ஊர்த் தறிகளில் நெய்யும் துண்டைப் போலவே இருந்தது அது. பேச்சுவாக்கில், "நீங்களும் உள்ளே உட்காருவதுண்டா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "எனக்கு இந்த அடுப்படியிலேயே வேர்க்குதே ஐயா, உள்ளே வேற போகணுமா?" என்றார்.

நானும் சிரித்தேன். ஆனால் அந்த வார்த்தை இரவெல்லாம் என்னை விடவில்லை. ஒரே நெருப்பு, சுவருக்கு இப்புறம் அது ஓய்வு, அப்புறம் அது வேலை. என் வியர்வை என்னை இளைப்பாற்றியது. அவருடைய வியர்வை அவரைக் களைப்பாக்கியது.

பிரியமானவர்களே, திருச்சபையின் சரித்திரத்திலும் இந்தச் சுவர் உண்டு. 1834-இல் மதுரையில் ஊழியம் தொடங்கிய அமெரிக்க மிஷனெரிமாரும் அவர்கள் குடும்பத்தாரும் சமவெளியின் வெப்பத்திலும் நோயிலும் ஒருவர்பின் ஒருவராய் மடிந்தார்கள். எஞ்சினவர்கள் உயிர் தப்ப மலையைத் தேடினார்கள். 1845-இல் கொடைக்கானலில் முதல் வீடுகள் எழும்பின. இடையன்குடியில் நெடுங்காலம் உழைத்த பேராயர் கால்டுவெல் 1891-இல் கண்மூடியதும் அந்த மலையில்தான். அவர்களுடைய ஓய்வைக் குறை சொல்ல நான் துணியமாட்டேன். அது இல்லாதிருந்தால் அவர்களில் அநேகர் இன்னும் சீக்கிரமாய்க் கல்லறைக்குச் சென்றிருப்பார்கள். ஆனாலும் மோட்டார் சாலை இல்லாத அந்நாட்களில், அவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் நாற்காலியிலும் டோலியிலும் சுமந்து செங்குத்தான பாதையில் ஏறினவர்கள் நம் மண்ணின் ஏழைகள். ஏறினவர்களின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. சுமந்தவர்களின் பெயர்களைத் தேவன் அறிவார்.

மறுநாள் அதிகாலையில் ஒரு வழிகாட்டியோடு மலையடிவாரத்தில் நடக்கச் சென்றோம். 2024 அக்டோபரில் நம் மாநில வனத்துறை 40 பாதைகளில் வழிகாட்டியோடு கூடிய மலையேற்றத்தைத் தொடங்கியபோது, காட்டை ஒட்டிய ஊர்களின் இளைஞரையும் பழங்குடியினரையும் அதற்கெனப் பயிற்றுவித்தது. எங்களோடு வந்தவர் விடுதியின் ஆள்; அவரும் அப்பக்கத்து மண்ணிலே பிறந்து வளர்ந்தவர். வாலிபர்கள் வழக்கம்போல முன்னே பாய்ந்தார்கள். அவர் எல்லாரையும் நிறுத்தினார். எங்களில் மிகவும் மெதுவாய் நடப்பவர் யார் என்று கேட்டார். முழங்கால் வலியோடு வந்திருந்த நம் சபையின் ஒரு பாட்டி வெட்கத்தோடு கை உயர்த்தினார். "நீங்க எனக்கு அடுத்து வாங்கம்மா. மத்தவங்க எல்லாரும் அம்மா பின்னாலே வாங்க. யாரும் அம்மாவைத் தாண்டக் கூடாது" என்றார்.

முதலில் வாலிபர்கள் முணுமுணுத்தார்கள். கால் மணி நேரம் சென்றபின் முணுமுணுப்பு நின்றது. பாட்டியின் நடைக்குத் தங்களைக் குறுக்கிக்கொண்டதால், அதுவரை காணாதவற்றைக் கண்டார்கள். ஓடையின் ஈரத்தில் பதிந்திருந்த மிளாவின் குளம்புத் தடத்தைக் கண்டார்கள். மரத்தின் உச்சியில் தாவிய பழுப்பு நிற மலை அணிலைக் கண்டார்கள். திரும்பும் வழியில் வழிகாட்டியிடம் காரணத்தைக் கேட்டேன். "மெதுவா நடக்கிறவங்களைக் கடைசியிலே விட்டா, முன்னே போறவங்க நின்னு இளைப்பாறுவாங்க, கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் எல்லாரும் புறப்பட்டுடுவாங்க. ரொம்பக் களைச்சவங்களுக்கு மட்டும் இளைப்பாறவே நேரம் கிடைக்காது" என்றார்.

இதைக் கேட்டபோது யாக்கோபு என் நினைவுக்கு வந்தார். தன்னோடு சேர்ந்து பயணம் செய்யலாம் என்று ஏசா அழைத்தபோது, பிள்ளைகள் இளையவர்கள், ஆடுமாடுகள் பால்கொடுக்கிறவைகள், ஒரு நாள் மிதமிஞ்சி ஓட்டினால் மந்தை மடிந்துபோகும் என்று சொல்லி, அவைகளின் நடைக்கும் பிள்ளைகளின் நடைக்கும் ஏற்றபடி தாம் மெல்ல வருவதாக விடைகொடுத்து அனுப்பினார். ஒரு காலத்தில் சகோதரனை முந்திச் சென்று ஆசீர்வாதத்தைப் பறித்தவர், இப்போது பின்தங்குகிறவர்களோடு நடக்கிறார். பெனியேலில் தேவனைச் சந்தித்த மனிதனின் நடை அது.

இப்போது என் தவற்றைச் சொல்கிறேன். முகாமுக்குப் பெயர் கொடுத்து, பின்பு விலகிக்கொண்ட ஒரு சகோதரி நம் சபையில் இருக்கிறார்கள். விசைத்தறியில் வேலை செய்கிறார்கள். நெய்த அளவுக்கே கூலி. தறி நின்றால் கூலியும் நின்றுவிடும். புறப்படுவதற்கு முந்தின நாள் அவர்களோடு தொலைபேசியில் பேசினேன். "முகாம் கட்டணத்தை யாராவது கொடுத்துடுவாங்க ஐயா. போன ரெண்டு நாள் கூலியை யாரு கொடுப்பா?" என்றார்கள். "உங்களுக்காக ஜெபிக்கிறோம் அம்மா" என்று சொல்லி நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அந்தப் பதிலில் தவறு இருப்பதாகவே அன்று எனக்குத் தோன்றவில்லை. நான் முன்னே நடந்துபோய் நிழலில் இளைப்பாறிக்கொண்டிருந்தேன்.

ஓய்வுநாளைக் குறித்த கட்டளையை நாம் மனப்பாடமாய் அறிவோம். அதன் நோக்கத்தை யாத்திராகமம் 23:12-இல் தேவன் சொல்லும்போது யாரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார் என்று வாசித்துப் பாருங்கள். மாடு, கழுதை, அடிமைப்பெண்ணின் பிள்ளை, அந்நியன்: இவர்கள் இளைப்பாறும்படியாகவே நீ வேலையை நிறுத்து என்கிறார். எஜமான் ஓய்வெடுத்து, மிச்சமிருந்தால் வேலையாளுக்குக் கொடுப்பது கர்த்தருடைய முறைமை ஆகாது. வேலையாளின் மூச்சுக்காக எஜமான் தன் வேலையை நிறுத்துவதே அது. எகிப்திலே நீ அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள் என்று உபாகமம் அதற்குக் காரணமும் சொல்கிறது.

திங்கட்கிழமை மாலை அந்தச் சகோதரியின் வீட்டுக்குச் சென்றேன். மன்னிப்புக் கேட்டேன். அடுத்த முறை கூலி இழக்கிறவர்களுக்குச் சபையே அந்தக் கூலியைக் கொடுத்துவிடலாமே என்றும் சொன்னேன். அவர்கள் முகம் மாறிற்று. "தர்மமா வேண்டாம் ஐயா" என்றார்கள். நான் தலைகுனிந்தேன். சற்று நேரம் பொறுத்து அவர்களே சொன்னார்கள்: "மாசாந்தரக் கரண்ட் கட் அன்னைக்கு முகாமை வைங்களேன். பராமரிப்பு வேலைன்னு காலையிலேருந்து நிறுத்திடுவாங்க. அன்னைக்கு எந்தத் தறியும் ஓடாது. எங்க தெருவே வரும்."

எத்தனை எளிய வழி! முகாமின் நாளைக் குறிக்கும்போது பள்ளி விடுமுறையைப் பார்த்தோம். அலுவலக விடுமுறையைப் பார்த்தோம். விடுதியில் இடம் இருக்கிற நாளைப் பார்த்தோம். தறி நிற்கும் நாள் எது என்று ஒருவரும் கேட்கவில்லை. மின்வாரியத்தின் அறிவிப்பு நம் எல்லார் கைபேசிக்கும் மாதந்தோறும் வருகிறது. நமக்கு அது மின்விசிறி சுழலாத நாள். அவர்களுக்கு அது கூலியில்லாத ஓய்வு.

இதைச் சேகரக் கமிட்டியில் சொன்னபோது ஒரு மூப்பர் நியாயமான ஒரு கேள்வியைக் கேட்டார். மின்தடை வருவது வேலைநாளில்தானே. ஆசிரியர்களும் அலுவலர்களும் விடுப்பு எடுக்க வேண்டியிருக்குமே என்றார். ஆம், எடுக்கத்தான் வேண்டும். சம்பளத்தோடு விடுப்பு உள்ளவர்கள் அதில் ஒரு நாளைக் கர்த்தருக்கென்று கொடுக்கலாம். கூலியோடு விடுப்பு என்பதையே அறியாதவர்கள் நடுவில், அது காணிக்கைப் பையில் இடுகிற பணத்தைவிடப் பெரிய காணிக்கை என்று நினைக்கிறேன். பெத்லெகேம் கிணற்றுத் தண்ணீருக்குத் தாவீது ஆசைப்பட்டபோது, மூன்று பேர் உயிரைப் பணயம் வைத்து அதை மொண்டுவந்தார்கள். மற்றவரின் உயிர் அதில் இருப்பதைக் கண்ட தாவீது அதைக் குடிக்க மனமில்லாமல் கர்த்தருக்கென்று ஊற்றிவிட்டார். நம் கையிலுள்ள தண்ணீரில் யாருடைய வியர்வை கலந்திருக்கிறது என்று பார்க்கிற கண்கள் நமக்கும் வேண்டும்.

சீஷர்களின் ஓய்வைத் தேடி ஜனங்கள் கால்நடையாய் ஓடிவந்தபோது, ஆண்டவர் அவர்களைத் துரத்தவில்லை. மேய்ப்பனில்லாத ஆடுகளைப்போலிருந்த அவர்கள்மேல் மனதுருகி, பசும்புல்லின்மேல் உட்காரவைத்துப் போஜனம் கொடுத்தார். சீஷர்கள் தேடிய ஓய்வின் இடத்திலேயே ஐயாயிரம் பேர் உட்கார்ந்தார்கள்.

விடுப்பு எடுக்க மனமுள்ளவர்கள் வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் சேகரச் செயலரிடம் பெயர் கொடுங்கள். அடுத்த மின்தடை அறிவிப்பு வந்ததும் நாள் குறிப்போம். எங்கே செல்வது, எத்தனை நேரம் தங்குவது என்பதை இம்முறை தறித்தெருவின் சகோதரிகளே முடிவு செய்வார்கள். மலைக்கு வேண்டாம், ஆலயத் தோட்டத்து வேப்பமர நிழலே போதும் என்று அவர்கள் சொன்னாலும் சம்மதமே.

ஜெபம்: எங்கள் மேய்ப்பரே, எங்களுக்கு நீர் தந்த ஓய்வுக்காக நன்றி. அதைச் சுமந்தவர்களைக் காணாமற்போன எங்கள் கண்களை மன்னியும். அடுப்படியில் வேர்க்கிறவரையும், தறியின் முன் நிற்கிறவர்களையும் இளைப்பாற்றும். அவர்களைத் தாண்டி ஓடாமல், அவர்கள் பின்னே நடக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே, ஆமென்.