சுக்கு பிஸ்கட்டும் ஷிப்ட் வயிறும்

இருங்காட்டுக்கோட்டையில் பேக்கரி நடத்துகிறவர்கள் மாவைப் படித்த அளவுக்கு வயிற்றையும் படித்தாக வேண்டும். 1998ல் ஹூண்டாய் ஆலையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்த காலத்திலிருந்து இந்த ஊரின் சாப்பாட்டு நேரத்தை முடிவு செய்வது ஷிப்ட்தான். இந்த வாரம் காலை ஷிப்ட், அடுத்த வாரம் நைட். நடு ராத்திரியில் டீயும் பன்னும். விடிந்து ரூமுக்குப் போய்த் தூங்கி எழுந்து மதியம் மூன்று மணிக்குத்தான் முதல் சோறு. வயிறு எதற்குத்தான் பழகும்? கடைக்கு வருகிற பிள்ளைகள் விலை கேட்பதற்கு முன்னால், “அக்கா, எனக்கு அல்சர், இது ஒத்துக்குமா?” என்று கேட்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு மட்டும் போட்டுக்கொண்டிருந்த ஜிஞ்சர் குக்கியை வருடம் முழுக்கப் போடத் தொடங்கியதற்கு இந்தக் கேள்விதான் காரணம்.

இஞ்சி போட்ட இனிப்பு வயிற்றுக்கு நல்லது என்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய் சேர்த்துக் கிண்டும் தீபாவளி லேகியம் பலகாரம் தின்ற வயிற்றுக்காகவே வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் குடியிருக்கும் கொரியர்களின் யாக்குவாவிலும் இஞ்சிச் சாறு உண்டு. கோதுமை மாவை நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து, எண்ணெயில் பொரித்து, தேன் பாகில் ஊறவைப்பார்கள். ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்தில் 1643லேயே லெப்குகென் என்ற மசாலா பிஸ்கட் சுடுகிறவர்களுக்கென்று தனிச் சங்கம் இருந்தது. மசாலா வணிகப் பாதைகள் சந்தித்த ஊர் அது. சுற்றியிருந்த காட்டில் தேனும் கிடைத்தது. அங்கே ‘எலிஸன்’ என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால் பாதாம், அக்ரூட் மாதிரிக் கொட்டைப் பருப்பு குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும், மாவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதை அறிந்த பிறகு எனக்குப் பெரிய தைரியம் வந்தது. மைதா இல்லாவிட்டால் ஜிஞ்சர் குக்கியே இல்லை என்று நினைக்க வேண்டியதில்லை. அதன் உயிர் மசாலாவிலும் பாகிலும் இருக்கிறது.

வயிறு உப்புவதற்கு இஞ்சியைக் குற்றம் சொல்லுகிறவர்கள் நிறைய. பல பேருக்கு உபத்திரவம் தருவது அதோடு சேர்கிற சாமான்கள்தான். கோதுமையில் ஃப்ரக்டான் என்ற கார்போஹைட்ரேட் உண்டு. மனிதக் குடலால் அதைச் செரிக்க முடியாது; பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைக்கும்போது வாயு சேரும். மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தார் இப்படிப்பட்ட சர்க்கரைகளை ஆராய்ந்துதான், எரிச்சல் குடல் நோய் (ஐபிஎஸ்) உள்ளவர்களுக்கான உணவு முறையை வகுத்தார்கள். தேனில் குளுக்கோஸை விட ஃப்ரக்டோஸ் அதிகம். அதுவும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பால் பவுடரில் லாக்டோஸ். ‘சுகர் ஃப்ரீ’ என்று விற்கிற குக்கிகளில் மால்டிடால், சார்பிடால் சேர்ந்திருந்தால் வயிறு பொருமி, பேதி கூட ஆகலாம். சர்க்கரை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அதை வயிற்றுக்கு நல்லதென்று வாங்குகிறார்கள். எனக்கு மனசு கேட்காமல் தடுத்துச் சொல்லிவிடுவேன்.

இஞ்சியின் குணமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பச்சை இஞ்சியில் காரம் தருவது ஜிஞ்சரால். காயும்போது அது நீரை இழந்து ஷோகாலாக மாறுகிறது. காரம் இன்னும் ஏறுகிறது. சூட்டில் ஒரு பகுதி ஜிஞ்சரோனாகி, இதமான இனிப்பு வாசனையைக் கொடுக்கிறது. அதனால் குமட்டலும் மந்தமும் உள்ளவருக்குச் சுக்கைத் தாராளமாகப் போடுவேன். நெஞ்செரிச்சல்காரருக்கு அதைப் பாதியாகக் குறைத்து, மிளகும் கிராம்பும் இல்லாமல், துருவிய பச்சை இஞ்சி கொஞ்சமும் ஏலக்காயும் சேர்ப்பேன். பட்டையில் மட்டும் நான் சிக்கனம் பார்ப்பதில்லை. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற தடித்த பட்டை காசியா. அதில் அளவு மீறினால் உடம்புக்கு ஆகாத கூமரின் அதிகம். 2006ல் ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் பட்டை பிஸ்கட்டுகளைப் பற்றி அரசு நிறுவனமே எச்சரித்தது அதனால்தான். காகிதச் சுருள் போல மெல்லிய இலங்கைப் பட்டை விலை கூடுதல்தான். தினமும் தின்னப்போகிற பண்டத்துக்கு அதுதான் சரி.

என் மாவுக்கணக்கு இது: 150 கிராம் பச்சரிசி மாவு, 70 கிராம் கேழ்வரகு மாவு, 30 கிராம் ஜவ்வரிசி மாவு. கேழ்வரகை இதற்கு மேல் ஏற்றினால் ருசி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நார்ச்சத்து கூடி நொந்த வயிற்றுக்குப் பாரமாகிவிடும். 120 கிராம் கருப்பட்டியைச் சிறிது தண்ணீரில் கரைத்து வடிகட்டியே ஆக வேண்டும். பதநீர்க் கலயத்துச் சுண்ணாம்பும் மண்ணும் அடியில் தங்கும். பாகு கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் 80 கிராம் நெய், ஒரு முட்டை, மசாலா. வெண்ணெய்க்குப் பதில் நெய் விடும்போது எடையை ஐந்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும்; வெண்ணெயில் தண்ணீர் உண்டு, நெய்யில் கிடையாது. அரை டீஸ்பூன் சமையல் சோடாவோடு ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு கட்டாயம். மேல்நாட்டார் சேர்க்கும் கரும்புப் பாகில் இருக்கிற புளிப்பு கருப்பட்டியில் இல்லை. சோடாவை மட்டும் போட்டால் சவுக்கார வாடை அடிக்கும்.

பிசைந்ததும் சுட்டுவிடக் கூடாது. அரிசி மாவு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் இருந்தால், முதல் நாள் விரலுக்கு நறநறவென்று பட்ட மாவு மறுநாள் களிமண் பதத்துக்கு வந்து, தேய்த்தால் விரிசல் விடாது. இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து, சுண்டுவிரல் கனத்தில் பாதிக்குத் தேய்த்து, 160 டிகிரியில் 14 நிமிடம். வெளியே எடுக்கும்போது நடுப்பகுதி மெத்தென்றுதான் இருக்கும். கருப்பட்டி நிறத்தால் வெந்ததும் தெரியாது, கருகியதும் தெரியாது. ஓரத்தைத் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். ட்ரேயிலேயே ஆறவிட்டால் தானாக இறுகும்.

“அக்கா, பசிச்சா ஒரு பாக்கெட் முழுக்கத் தின்னுடலாமா?” என்று ஒரு தம்பி கேட்டான், நைட் ஷிப்ட்டுக்குப் போகிற அவசரத்தில்.

“வெறும் வயித்துல வேணாம் தம்பி. கேன்டீன்ல சாப்பிட்டுட்டு ரெண்டு தின்னு. பால் இல்லாத டீயோட தின்னு பாரு. படுக்கப் போறதுக்கு முன்னாடி தின்னாத.”

இதைத்தான் எல்லாரிடமும் சொல்கிறேன். எது ஒத்துக்கொள்ளவில்லை, எப்போது தின்றார்கள் என்று அடுத்த முறை வரும்போது கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். பாலால் தொந்தரவு என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு உண்மையில் கோதுமைதான் தொந்தரவாக இருக்கலாம்; மைதா இல்லாமல் பால் பவுடர் போட்டுச் சுட்டதைத் தின்று தொந்தரவு வராவிட்டால் தெரிந்துவிடும். இன்னொருவருக்கு முட்டை ஆகாது. அவருக்கு ஊறவைத்த ஆளிவிதை.

கோதுமையே ஆகாத சீலியாக் நோயாளிகளுக்கு மட்டும் நான் கொடுப்பதில்லை. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி, கோதுமைப் புரதமான குளூட்டன் இல்லை என்று எழுத வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பன்னுக்கு மைதா பிசைகிற அதே மேஜை, காற்றில் அதே மாவுத் தூசி. இங்கிருந்து அந்த வாக்குறுதியை என்னால் தர முடியாது. அல்சர் குணமாகும் என்றும் யாரிடமும் சொல்வதில்லை. வயிற்றுப் புண்ணுக்கு ஹெலிகோபாக்டர் கிருமி காரணமாகலாம் என்று கண்டுபிடித்ததற்குத்தான் பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005ல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு மருந்து தனி. மலம் கறுத்துப் போகிறது, எடை இறங்குகிறது, விழுங்க முடியவில்லை என்று சொல்கிறவரிடம் பாக்கெட்டை விற்பதில்லை. முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன்.