பிழை பார்க்கும் கண்கள்

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள், புதன்கிழமை. மாலை மணி அடித்த பின்னும் நாங்கள் யாரும் வீடு செல்லவில்லை. அப்போது பத்தாம் வகுப்பில் இருந்த நாங்கள் பள்ளிக் கூடத்து ஹாலில் தரையில் அமர்ந்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களை அழைத்துப்போக வந்த அன்னையர் சிலரும் உடன் அமர்ந்தனர். பனியன் கம்பெனியிலிருந்து நேரே வந்தவர்களின் தலையில் பஞ்சுத் தூசி அப்படியே இருந்தது.

சரியாக 6 மணி 4 நிமிடத்திற்குச் சந்திரயான்-3 விண்கலத்தின் விக்ரம் லேண்டர் நிலவில் மெல்ல இறங்கியது. நிலவின் தென்துருவத்திற்கு அத்தனை அருகில் அதற்கு முன் எந்த நாடும் இறங்கியதில்லை. திட்ட இயக்குநர் நம் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் என்று ஆசிரியை கூறியதும் கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று.

எங்கள் தோழி ஒருத்தி மட்டும் கைதட்டவில்லை. இடைப்பருவத் தேர்வில் கணக்கில் 27 மதிப்பெண் பெற்றிருந்தாள். விடைத்தாளைப் பைக்குள் நான்காக மடித்து வைத்துவிட்டு, "பள்ளிக்கூடத்தை விட்டு நின்று அம்மாவுடன் வேலைக்குப் போகப்போகிறேன்" என்று இரண்டு நாட்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், எங்களில் பலருடைய பையிலும் அப்படி மடித்த தாள்கள் இருந்தன.

அப்போது ஆசிரியை 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாளை நினைவூட்டினார். அன்று சந்திரயான்-2 விண்கலத்தின் லேண்டர், தரையைத் தொடும் கடைசி நிமிடங்களில் நிலவில் மோதி நொறுங்கியது. அது விழுந்த இடமே தெரியாதிருந்தபோது, மதுரையைச் சேர்ந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன், நாசாவின் விண்கலம் எடுத்த நிலவுப் படங்களைத் தம் கணினியில் திறந்து வைத்தார். மோதலுக்கு முன் எடுத்த படம் ஒருபுறம், பின் எடுத்த படம் மறுபுறம். நாட்கணக்கில் அங்குலம் அங்குலமாக ஒப்பிட்டு, முன்பு இல்லாத ஒரு வெண்புள்ளியைக் கண்டுபிடித்தார். அது லேண்டரின் உடைந்த துண்டே என்று 2019 டிசம்பரில் நாசா உறுதி செய்து, அவருடைய பெயரையும் வெளியிட்டது.

இதைக் கேட்டதும் தோழியின் தாய் சிரித்துவிட்டார். "இது எங்க செக்கிங் வேலை மாதிரியேதான் இருக்குதுங்க டீச்சர்!" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "ஓட்டை இருக்கிற பீஸை நாங்க மறைச்சா வைக்கிறோம்? அந்த இடத்துல ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புறோம். தப்பு எங்கேன்னு தெரிஞ்சாத்தானே கண்ணு சரி பண்ண முடியும்?" என்றார். ஹால் முழுவதும் அமைதியாகிவிட்டது.

நம் விஞ்ஞானிகள் செய்ததும் அதுவே. 2019-இல் இறங்கும்போது எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிட அதிக விசையைத் தந்தன. பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. கலம் விரைந்து திரும்ப வேண்டிய நேரத்தில் மென்பொருளின் கட்டுப்பாடு தடுத்தது. இறங்க ஒதுக்கிய இடமோ 500 மீட்டர் சதுரம் மட்டுமே. இவற்றை ஒவ்வொன்றாகக் குறித்துத் திருத்தினார்கள். கால்களை வலுவாக்கினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், இறங்குமிடத்தை 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமுமாக விரித்தார்கள். எது தவறக்கூடும் என்பதிலிருந்தே இம்முறை வடிவமைப்பைத் தொடங்கியதாக இஸ்ரோவின் அன்றைய தலைவர் சோமநாத் கூறினார். சந்திரயான்-2 முழுத் தோல்வியும் அன்று. அதன் ஆர்பிட்டர் நிலவைச் சுற்றிக்கொண்டே இருந்து, புதிய லேண்டரை வரவேற்றுத் தொடர்பு கொண்டது!

அதன் பின் வந்த செய்திகளை நாங்கள் ஆவலுடன் சேகரித்தோம். 26 கிலோ எடையும் ஆறு சக்கரங்களும் கொண்ட பிரக்யான் ரோவர், நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தது. வழியில் 4 மீட்டர் அகலப் பள்ளம் ஒன்றைக் கண்டு, திரும்பி வேறு பாதையில் சென்றது. ஆகஸ்டு 30 அன்று அது எடுத்தனுப்பிய படத்தில், சாம்பல் நிறத் தரையில் விக்ரம் தன்னந்தனியே நிற்பதைக் கண்டோம். நிலவின் மேற்பரப்பு ஏறத்தாழ 50 டிகிரி வெப்பமாக இருக்க, 8 சென்டிமீட்டர் ஆழத்தில் அது மைனஸ் 10 டிகிரியாக இருந்தது. மண்ணில் கந்தகம் இருப்பதும் உறுதியாயிற்று. நூறு மீட்டருக்குச் சற்று அதிகமாக நடந்து பணி முடித்த ரோவர், செப்டம்பரில் உறக்கத்தில் ஆழ்ந்தது, மீண்டும் விழிக்கவில்லை.

அது 23 இடங்களில் மண்ணை ஆராய்ந்து தந்த முடிவுகள் 2024 ஆகஸ்டில் வெளியாயின. அங்குள்ள மண் பெரும்பாலும் அனார்த்தோசைட் என்னும் பாறை வகையைச் சேர்ந்தது. நிலவு பிறந்த காலத்தில் அதன் மேற்பரப்பு முழுவதும் உருகிய பாறைக் கடலாக இருந்தது. அதில் எடை குறைந்த கனிமங்கள் மேலே மிதந்து இறுகின என்ற கருத்துக்கு இது வலுவான சான்று.

அனார்த்தோசைட் என்ற பெயர் எங்களுக்குப் புதிதன்று. நம் அண்டை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் அதே வகைப் பாறை உண்டு. அதை டன் கணக்கில் கொண்டு சென்று, பொடியாக்கி, நிலவின் மண்போலப் பரப்பித்தான் இஸ்ரோ தன் சோதனைகளை நடத்தியது. நிலவில் இறங்குமுன் பிழை பார்த்துக்கொள்ள நம் பக்கத்து மண் உதவியிருக்கிறது! சந்திரயான்-1 திட்டத்தை இயக்கிய மயில்சாமி அண்ணாதுரையும் பொள்ளாச்சி அருகிலுள்ள கோதவாடியில் பிறந்தவரே.

அன்று மாலை வீடு திரும்பும் முன், எங்கள் தோழி பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து ஆசிரியையிடம் விரித்துக் காட்டினாள். மறுநாள் நாங்களும் எங்கள் தாள்களை விரித்தோம். எந்த அடியில் தவறினோம் என்று ஒவ்வொருவரும் பென்சிலால் சிறு குறியிட்டோம். அந்த ஆண்டு பொதுத்தேர்வில் அவள் கணக்கில் தேர்ச்சி பெற்றாள். இன்று பன்னிரண்டாம் வகுப்பில் எங்களோடு அமர்ந்து, இக்கட்டுரையிலும் எழுத்துப் பிழை பார்த்துத் தந்தவள் அவளே.

தங்கையரே! சிவப்பு மையைக் கண்டு தாளை மடித்து வைக்காதீர்கள். விரித்து வையுங்கள். நிலவுக்குச் சென்ற வழியும் அப்படி விரித்து வைத்த தாளிலிருந்துதான் தொடங்கியது.

— பன்னிரண்டாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவியர்