கறுப்புத் திரையும் பதினெட்டு ஒப்பாரிகளும்

கணினி பழுதுபார்க்கும் கடைகளில் ஒரு சொல் வழங்குகிறது: ‘ஃபார்மேட்’. திரை கறுத்தாலும், எழுத்துத் தெரியாவிட்டாலும், சாளரம் நகராவிட்டாலும் மருந்து அதுவே. முன்பெல்லாம் எந்தக் காய்ச்சலுக்கும் நம் ஊர்ப்பக்கத்தில் ஓர் ஊசி போட்டு அனுப்புவார்களே, அதுபோல. ஊசி போட்ட நோயாளிக்குத் தன் பெயராவது நினைவிருக்கும். ஃபார்மேட் செய்த கணினிக்கு அதுவும் இராது.

மாங்காட்டில் நமக்கு அடுத்த தெருவில் குடியிருக்கும் முதுகலைத் தமிழ் மாணவி ஒருவர், சென்ற ஐப்பசியில் ஒரு மடிக்கணினியை மழைக்கு மறைத்துத் துண்டில் சுற்றி எடுத்துவந்தார். மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் தமிழக அரசின் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது நினைவிருக்கலாம். அத்திட்டத்தில் பின்னாளில் அவருடைய அக்காவுக்குக் கிடைத்த கணினி அது. அப்படி வழங்கப்பட்டவற்றில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் சேர்ந்து வந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007இல் வெளியிட்ட இயங்குதளம் அது. பலர் அதைத் திறந்தே பார்த்ததில்லை என்பது நம் வகுப்பறை அனுபவம். இந்த அக்கா திறந்து பார்த்தவர். பார்த்ததோடு நில்லாமல், லினக்ஸுக்கென இருந்த முப்பது ஜிபி இடத்தில் டெபியனையே புதிதாக நிறுவி, பழைய பொறிக்குப் பாரமாகாத எக்ஸ்எஃப்சிஇ என்னும் பணிமேடைச் சூழலை அமைத்துத் தங்கைக்குக் கொடுத்திருந்தார்.

குமணன்சாவடியில் ஒரு கடையில் காட்டினாராம். (அவ்வூர்ப் பெயரைக் கேட்டதும் தலையையே கொடுக்கத் துணிந்த சங்க வள்ளல் நினைவுக்கு வருவது தமிழாசிரியர்க்கு உள்ள நோய்.) கடைக்காரர் ஃபார்மேட் என்று சொல்லியிருக்கிறார். மாணவி கணினி பிழைக்குமா என்று நம்மிடம் கேட்கவில்லை. “ஐயா, பாட்டு இருக்குமா?” என்றுதான் கேட்டார்.

மாங்காடு, பட்டூர், கொளப்பாக்கம் பகுதிகளில் அடுக்ககங்களுக்கு இடையே எஞ்சியிருக்கும் பழைய தெருக்களில் அலைந்து, முதிய பெண்களிடம் அவர் ஒலிப்பதிவு செய்திருந்த ஒப்பாரிகள் பதினெட்டு. கைப்பேசியில் பதிவு செய்து, கணினிக்கு மாற்றி, இடமில்லாமல் கைப்பேசியிலிருந்து அழித்தும்விட்டார். பாடியவர்களுள் இருவர் அதற்குள் காலமாகியிருந்தனர்.

இங்கே வாசகர் சற்றுப் பொறுமை காக்க வேண்டும். லினக்ஸில் நாம் காணும் திரை ஒற்றைப் பொருளன்று. அடியில் உட்கரு. அதன்மேல், திரையில் எதையும் வரைந்து காட்டும் காட்சி வழங்கி. அடுத்து, பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் நுழைவுத் திரை. பின்னர், பலகமும் பட்டியும் படவுருக்களும் கொண்ட பணிமேடைச் சூழல். கடைசியாகச் சாளர மேலாளர். ஆக ஐந்து. பஞ்சாக்கினி நடுவே ஒற்றைக்காலில் அம்மன் தவமிருந்த ஊர்க்காரர்க்கு இந்த எண் அச்சமூட்டக் கூடாது.

இப்படிப் பிரித்து வைத்தது தற்செயலாக நேர்ந்ததன்று. 1984இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எக்ஸ் சாளர முறைமையைத் தொடங்கியவர்கள், வரைவதற்கான வழியை மட்டும் தருவோம், தோற்றமும் நடத்தையும் எப்படியிருக்க வேண்டும் என்பதை விதிக்க மாட்டோம் என்று முடிவு செய்தார்கள். எனவே எக்ஸைப் பொறுத்தவரை சாளரம் என்பது வெறும் செவ்வகம். அதற்குத் தலைப்புப் பட்டையிட்டு, மூடும் பொத்தான் வைத்து, நகர்த்தவும் அடுக்கவும் வேறொரு நிரல் வேண்டும். சாளர மேலாளர் எனப்படுவது அதுவே. 1996இல் கேடிஇயும் 1997இல் க்னோமும் தொடங்கி, மேலாளரையும் பலகத்தையும் கோப்பு உலாவியையும் ஒரே குடும்பமாகத் தந்தன. குடும்பமாகச் சேர்ந்த பின்னும் உறுப்பினர் தனித்தனி ஆள்களே.

ஏட்டுச்சுவடியைப் பதிப்பித்தவர்கள் இதைக் கேட்டால் புன்னகைப்பார்கள். ஒரு செய்யுளடி பொருள்படவில்லை என்றால், அச்சுக் கோத்தவர் பிழையா, ஏடெழுதியவர் கைப்பிழையா, உரையாசிரியர் கொண்ட பாடமே வேறா என்று அடுக்கடுக்காகக் கேட்டுக்கொண்டு கீழிறங்குவதே பதிப்பாசிரியர் வேலை. பொருள்படாத அடியை நீக்கிவிடலாம் என்று உ.வே.சா. நினைத்திருந்தால் 1887இல் சீவக சிந்தாமணி நமக்கு எந்த உருவில் கிடைத்திருக்கும்?

மாணவியின் கணினியில் நோய் இது: கடவுச்சொல்லை ஏற்கும், திரை ஒரு கணம் கறுக்கும், மீண்டும் கடவுச்சொல் கேட்கும். எத்தனை முறை நுழைந்தாலும் வாசற்படியிலேயே கொண்டுவந்து விடும். பதறாமல் பார்த்தால் இதுவே நல்ல சான்று. நுழைவுத் திரை தெரிகிறதென்றால் உட்கருவும் காட்சி வழங்கியும் உயிரோடு இருக்கின்றன. கடவுச்சொல் தவறென்று சொல்லவில்லை, ஆகவே ஆளையும் அடையாளம் கண்டுகொண்டது. உள்ளே போய்ப் பணிமேடையை விரிக்கும் இடத்தில்தான் ஏதோ இடறுகிறது.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்தழுத்தினால் படமோ சுட்டியோ இல்லாத ஓர் எழுத்துத் திரை வரும். வரைகலை முழுதும் விழுந்தாலும் பெரும்பாலும் நிற்கும் அடித்தளம் அது. மாணவியை அவர் பெயராலேயே அதில் நுழையச் சொன்னோம். நுழைந்தார். கோப்புகளைப் பட்டியலிடச் சொன்னோம். பட்டியல் வந்தது. பார்த்தவர் முகம் வெளிறிவிட்டது.

ஆங்கிலப் பெயர்கள் அப்படியே இருந்தன. தமிழில் பெயரிட்ட கோப்புகள் யாவும் ஒன்றுபோலவே அடையாளமற்ற குறிகளின் வரிசையாகக் கிடந்தன. ஒப்பாரி, தாய்க்கு, கணவனுக்கு, பிள்ளைக்கு என்று அவர் பார்த்துப் பார்த்து வைத்த பெயர்களில் ஓரெழுத்தும் இல்லை. “எல்லாம் அழிஞ்சிடுச்சா ஐயா?”

அழியவில்லை. லினக்ஸ் உட்கருவின் எழுத்துத் திரைக்கு ஒரே நேரத்தில் 512 எழுத்துருவங்களுக்கு மேல் வைத்துக்கொள்ள இயலாது. அதைவிடப் பெரிய தடை ஒன்றுண்டு: ககரத்துக்குப் பின் சேமிக்கப்பட்ட ஒகரக் குறியைப் பிரித்து, கொம்பை முன்னும் காலைப் பின்னும் இட்டுக் ‘கொ’ என்று வரைந்து காட்டும் அறிவு அதற்கில்லை. அந்த வேலையெல்லாம் வரைகலைக்குள் இருக்கும் எழுத்து வடிவாக்க நிரல்கள் செய்பவை. அவற்றின் கீழே வட்டில் இருப்பன எண்கள் மட்டுமே. ‘ஒப்பாரி’ என்பது யுனிகோடில் ஏழு குறிகள். ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக இருபத்தொன்று. அந்த இருபத்தொன்றும் வட்டில் பத்திரமாக இருந்தன. (ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்டுகளே எல்லை என்பதால், ஆங்கிலத்தில் 255 எழுத்து வைக்கும் இடத்தில் தமிழுக்கு 85 குறிகளே கிடைக்கும் என்பது வேறு கதை.)

நமக்கு உறுத்தியது வேறு. பணிமேடை விழுந்தால் ஆங்கிலத்தில் எழுதுபவர்க்கு வசதி போகிறது. தமிழில் எழுதுபவர்க்கு மொழியே போகிறது. மேல்மாடியில் கேடிஇயும் க்னோமும் தமிழ்ப் பட்டிகளோடு விளங்குவதற்குத் தன்னார்வலர் பலர் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருக்கிறார்கள். அபாயம் வந்தால் ஓடி ஒளிய வேண்டிய கீழறையில் தமிழ் விளக்கு இல்லை. கேஎம்எஸ்கான் என்ற மாற்று எழுத்துத் திரை யுனிகோடைக் காட்டுவதற்காகவே எழுந்த முயற்சி. ஆயினும் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று வகுத்த திரையில் ‘கௌ’வும் ‘ணை’யும் இடம் கொள்ளாமல் முட்டிக்கொள்வது இன்னும் தீராத சிக்கலே.

வட்டில் இடம் எவ்வளவு என்று கேட்கும் ‘டிஎஃப்’ கட்டளையை இட்டதும் விடை வந்தது: நூற்றுக்கு நூறு நிறைந்துவிட்டது. நுழையும்போது கணினி ஒரு சிறு அனுமதிச் சீட்டை எழுதி வைக்க வேண்டும், எழுத இடமில்லை, எனவே திருப்பி அனுப்புகிறது. இடத்தைத் தின்றது எது? மாணவி உடனே, “பாட்டுதான் ஐயா, நெறைய இருக்கு” என்றார். ‘டியூ’ கட்டளை வேறு சொன்னது. பதினெட்டு ஒப்பாரியும் சேர்ந்து ஒரு ஜிபிகூட வரவில்லை. பெயருக்கு முன் புள்ளி வைத்து மறைந்திருந்த ‘எக்ஸ்செஷன்-எரர்ஸ்’ என்ற கோப்பு பதினான்கு ஜிபி. பணிமேடை தன் குறைகளை எழுதிவைக்கும் கோப்பு அது. பலகத்தில் இருந்த சிறு நிரல் ஒன்று ஒரே முறையீட்டை வினாடிதோறும் பலமுறை வாரக்கணக்கில் எழுதியிருக்கிறது. பதிவில் இருந்ததைவிடப் பெரிய ஒப்பாரி வட்டுக்குள் நடந்திருக்கிறது.

அந்தக் கோப்பை வெறுமையாக்கி, அந்த நிரலை நீக்கினோம். மறுமுறை நுழைந்தபோது பணிமேடை விரிந்தது. ஆனால் திறந்த சாளரங்களுக்குத் தலையில்லை. எல்லாம் இடப்பக்க மேல்மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, நகரவும் மாட்டாமல் மூடவும் மாட்டாமல் நின்றன. சிலவற்றில் தட்டச்சும் ஏறவில்லை. முன்சொன்ன பாகுபாடு இங்கே கைகொடுக்கிறது. பலகம் இருக்கிறது, படவுருக்கள் இருக்கின்றன, தலைப்புப் பட்டை மட்டும் இல்லை என்றால், இல்லாதவர் சாளர மேலாளர். ஆல்ட்டோடு எஃப்2 அழுத்தி, எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 என்ற அதன் பெயரையும் ‘ரீப்ளேஸ்’ என்ற ஏவலையும் எழுதியவுடன் எல்லாச் சாளரங்களுக்கும் தலை முளைத்தது. மாணவி கைதட்டிவிட்டார். மறுநாளும் அதே குறை வரக்கூடாதே. இடம் நிறைந்த வேளையில் பாதியாகச் சேமிக்கப்பட்ட பழைய அமர்வு ஒன்று, மறைவாக உள்ள ‘கேஷ்’ அடைவில் ‘செஷன்ஸ்’ என்ற பெயரில் இருந்தது. மேலாளரை அழைக்க மறந்த பட்டியல் அது. அதையும் நீக்கிய பின்னரே நோய் வேரோடு போயிற்று.

இந்த வைத்தியம் என்றைக்கும் செல்லாது என்பதையும் சொல்ல வேண்டும். 2008இல் தொடங்கிய வேலண்ட் எக்ஸின் இடத்தைப் பிடித்து வருகிறது. அதில் காட்சி வழங்கியும் சாளர மேலாளரும் ஒருவரே. ஓடும்போது ஒருவரை மட்டும் மாற்றி அமர்த்த வழியில்லை. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10இல் க்னோமுக்கு எக்ஸ் அமர்வே கிடையாது. 2024 டிசம்பரில் வந்த எக்ஸ்எஃப்சிஇ 4.20 வேலண்டைச் சோதனை அளவில் தொட்டிருக்கிறது. பாதுகாப்பு கருதி இம்மாற்றம் தேவை என்பதை ஏற்கிறோம். பழுதைப் பிரித்தறியும் சுகம் குறைவதில் வருத்தமே. தமிழ் எழுதுவோர்க்கு ஒரு குறிப்பு: கேடிஇயில் வேலண்டுக்கு மாறிய பின் தமிழ்99 தட்டச்சு நின்றுபோனால் விசைப்பலகையைப் பழிக்க வேண்டா. அமைப்புகளில் ‘மெய்நிகர் விசைப்பலகை’ என்ற இடத்தில் ஐபஸைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகும்.

புறப்படும்போது மாணவி கேட்டார்: “இனிமே ஃபைலுக்கெல்லாம் இங்கிலீஷ்லயே பேர் வெச்சிடட்டுமா ஐயா?” கூடாது என்றோம், சற்று உரக்கவே. பெயருக்கு முன்னால் எண் மட்டும் இடச் சொன்னோம். எந்தத் திரையிலும் எண் தெரியும். இரண்டு பேனா டிரைவ்களில் படியெடுத்து, ஒன்றை நம் அலமாரியில் வைத்திருக்கிறோம். பதினெட்டில் பதினொன்றைக் கேட்டு எழுதியாயிற்றாம். எஞ்சிய ஏழில் இரண்டு, இப்போது இல்லாதவர்கள் பாடியவை. அவற்றில் விளங்காத சொற்களை இனி யாரிடம் கேட்பது என்று தேடிக்கொண்டிருக்கிறார்.